சாணி மெழுகிய பிட்ச்

சாம்பசிவம் புட்டைத் தட்டில் நீளமாகப் பரப்பி, கரண்டியின் முதுகால் அமுக்கி, இரண்டு முனையிலும் மும்மூன்று மோர்மிளகாயை நட்டு வைத்தபோதே, காலைச் சாப்பாடு இன்றைக்கும் சாப்பாடாக முடியப் போவதில்லை என்று கமலாம்பிகைக்குத் தெரிந்துவிட்டது.

“இது என்ன?” என்று கேட்டார் சாம்பசிவம்.

“புட்டு.”

“இல்லை. பிட்ச். வடிவாய்ப் பாரும். சிலோன் ஆக்கள் தேங்காய்த் தும்புப் பாயிலை விளையாடிப் பழகின ஆக்கள். கட்டாந்தரை, அதுக்கு மேலை பாய். பந்து விழுந்தால் எப்பிடி எழும்பும்?”

“எப்பிடி எழும்பும்?”

“நெஞ்சு மட்டத்துக்கு! அது அவங்களுக்குச் சொந்த வீடு மாதிரி. அப்ப நாங்கள் என்ன செய்யவேணும்? பந்தை எழும்பவே விடக்கூடாது.” தேங்காய்ப்பால் சொதியை எடுத்துப் புட்டின் மேல் ஊற்றினார். “பாரும். பிட்ச் நனைஞ்சு, சோம்பேறியாக் கிடக்கவேணும். பந்து விழும், படுக்கும். அவங்கள் மட்டையை மேலை தூக்க, பந்து கீழாலை போய் விக்கெட்டைத் தட்டும்.”

ஊறிப்போன புட்டில் நின்ற மிளகாய் ஒன்று மெல்லச் சாய்ந்தது.

“அவுட்,” என்றார் சாம்பசிவம். பிறகு தட்டை அவள் பக்கம் தள்ளினார். “இதை எடுத்துப்போட்டு வேறை புட்டு வையும்.”

சாம்பசிவம் ஜொகூர் பாருவில் அரசாங்கப் பொதுவேலை ஆபீசில் பெரிய கிளார்க். பின்னேரங்களில் வெள்ளைக்காரர் கிளப்பின் கிரவுண்ட் செகரட்டரி. அந்தக் கிளப்பின் புல் முழுவதும் அவருடைய அதிகாரத்தில் இருந்தது. ஆனால் வராந்தாவில் அவர் உட்கார ஒரு நாற்காலிகூடக் கிடையாது. அவர் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. யாழ்ப்பாணத்து அளவெட்டியில் அவர் ஒரு வீட்டின் நாலு பிள்ளைகளில் மூன்றாமவர். இங்கே ‘செகரட்டரி ஐயா’.

அன்றைக்குப் பிரச்சினை சின்னது. கிரவுண்டைப் பார்த்துக்கொள்ளும் அய்யாவு காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டான். சாம்பசிவமோ ஒரு பாலத்தைப் பார்ப்பதற்காக எஞ்சினியரோடு பத்து பாகாட் என்ற ஊருக்குப் போயாக வேண்டும். சிலோன் கிரிக்கெட் கோஷ்டி சிங்கப்பூரில் வந்து இறங்கியாகிவிட்டது.

“மேட்சுக்கு முதல் நாள் பின்னேரம்தான் நான் திரும்புவன். அய்யாவுவின்ரை பெண்சாதி காளியம்மா இருக்கிறாள்தானே, அவளைப் பிடிச்சுச் சொல்லும். பின்னேரத்திலை கொஞ்சம் தண்ணி தெளிக்கவேணும். வேறை ஒண்டும் வேண்டாம்.”

“கொஞ்சம் எண்டால் எவ்வளவு?”

“கொஞ்சம் எண்டால் கொஞ்சம்.”

கல்யாணம் செய்து கூட்டிவந்த நாளிலிருந்து அவர் எல்லாவற்றுக்கும் சொல்லிவரும் அளவு அது ஒன்றுதான்.

அவர் தொப்பியை எடுக்கும்போது கமலாம்பிகை வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். “உங்கடை ஆபீஸ் துரை சொன்னது உண்மைதானே?”

“எது?”

“மேட்ச் வெண்டால் லீவு எண்டு.”

“பெல்லமி துரை சொன்னால் சொன்னதுதான். வெண்டால் ஆறு மாச லீவு, கப்பல் டிக்கெட்டோடை. தோத்தால் அந்தப் பேச்சே எடுக்கக்கூடாது எண்டு போட்டார். அவருக்குக் கிரிக்கெட் எண்டால் உயிர். நான் என்ன செய்ய?”

கார் போய்விட்டது. கமலாம்பிகை வாசலிலேயே நின்றாள்.

அவள் கப்பலேறிய அன்றைக்குத் தங்கை செல்வராணி அவளுடைய இடுப்பு உயரம் இருந்தாள். சேலைக் கொய்சக மடிப்பைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. விரல் விரலாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. அந்தப் பிள்ளைக்கு வருகிற ஆவணியில் கல்யாணம். ஒவ்வொரு வருஷமும் கமலாம்பிகை குத்துமதிப்பாக ஒரு சட்டை தைத்து அனுப்புவாள். ஒரு வருஷம் ‘இறுக்கிப் பிடிக்குது’ என்று பதில் வரும், அடுத்த வருஷம் ‘தொளதொளக்குது’ என்று. எவ்வளவு உயரம் வந்திருக்கிறாள் என்று கேட்டு எழுதினால், ‘நல்லாய் வளர்ந்திட்டாள்’ என்று அம்மா எழுதுவாள். இப்போது கல்யாணச் சட்டைக்குத் துணி வெட்டாமல் மேசைமேல் கிடந்தது. உயரம் தெரியாமல் எப்படி வெட்டுவது?

ஊருக்குப் போக வேண்டுமானால் ஊர்க்காரர் தோற்கவேண்டும். இதில் உள்ள அநியாயத்தைப் பற்றி யோசிக்க அவளுக்கு நேரம் இல்லை. அவள் வாளியை எடுத்தாள்.

*

கிரவுண்டு கடலைப் பார்த்துக் கிடந்தது. நீரிணைக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூர். காளியம்மா புல்வெட்டும் கத்தியோடு ஓடிவந்தாள்.

“அம்மா, அம்மா, நீங்க உள்ளார வரப்படாது. பொம்பளைங்க கால் வைக்கக் கூடாதுன்னு கிளப்புல சட்டம் இருக்கு.”

“நீ நிக்கிறாய்தானே?”

“நான் பொம்பளையா? நான் கூலி லா,” என்றாள் காளியம்மா, மலாய்ப் பேச்சின் வாலோடு.

கமலாம்பிகை செருப்பைக் கழற்றி மரத்தடியில் வைத்துவிட்டு உள்ளே நடந்தாள்.

“ஐயா பிட்சிலை தண்ணி தெளிக்கச் சொன்னவர்.”

“எவ்ளோ?”

“கொஞ்சம்.”

“கொஞ்சம்னா?”

கமலாம்பிகை பதில் சொல்லாமல் வாளியைக் கவிழ்த்தாள். மண் குடித்துவிட்டது. காளியம்மாவும் ஒரு வாளி ஊற்றினாள். அதையும் குடித்தது.

“போதும்மா.”

“நனைஞ்சால் வெல்லலாமாம், காளி. கொஞ்சம் நனைஞ்சால் கொஞ்சம்தானே வெல்லலாம்? மட்டுமட்டாய் வெண்டு, துரை மனம் மாறினால்?”

இந்தக் கணக்கில் பிழை இருப்பதாகக் காளியம்மாவுக்கும் தோன்றவில்லை. குழாய்க்கும் பிட்சுக்குமாக இருவரும் நடந்தார்கள். இருட்டுகிற நேரத்தில் பிட்ச் பித்தளைத் தாம்பாளம் போல் மின்னியது. கமலாம்பிகை திருப்தியோடு வீட்டுக்குப் போனாள்.

அன்று ராத்திரி சுமத்ராப் பக்கமிருந்து காற்றும் மழையும் வந்து ஜொகூர் பாருவையே கழுவிவிட்டுப் போனது.

காலையில் காளியம்மா கிரவுண்டு ஓரத்தில் தலையில் கைவைத்து நின்றாள். “அலமாக்! பாருங்கம்மா.”

பிட்ச் இருந்த இடத்தில் நீளமாக ஒரு குளம் இருந்தது. சீனன் கடை வாத்துகள் இரண்டு அதில் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஓடாமல், பதறாமல் நீந்திக்கொண்டிருந்தன.

“ஐயா பந்து எழும்பக் கூடாதுன்னாங்க. இதுல பந்து முங்கிப்போயிடும்மா.”

“கத்தாதை. சாம்பல் போட்டால் தண்ணியை இழுக்கும்.”

வீட்டு அடுப்பு, பக்கத்து வீட்டு அடுப்பு, துணி வெளுக்கிற சீனனின் கரி அடுப்பு என்று எல்லாச் சாம்பலும் வந்து சேர்ந்தது. சாம்பல் தண்ணீரை இழுக்கவில்லை. தண்ணீர்தான் சாம்பலை இழுத்துக்கொண்டது. குளம் இருந்த இடத்தில் இப்போது கறுப்புக் கூழ். வாத்துகள்கூட வெறுத்துப்போய் வெளியே ஏறிவிட்டன.

“வழிச்சு எடுத்திடுவம்,” என்றாள் கமலாம்பிகை.

வழித்து எடுத்தார்கள். கூழோடு புல்லும் வந்தது, புல்லோடு மண்ணும் வந்தது. நிமிர்ந்து பார்த்தால் ஓர் ஆளை நீட்டிக் கிடத்தக்கூடிய பள்ளம்.

காளியம்மா எட்டிப் பார்த்தாள். “செகரட்டரி ஐயாவுக்கு அளவு சரியா இருக்கும்.”

கமலாம்பிகைக்குச் சிரிப்பு வந்தது. புருஷனைப் பற்றிச் சிரிக்கக் கூடாது என்பதால் இருமினாள்.

ரோட்டோரத்தில், சாம்பசிவத்தின் ஆபீஸ் சாலை போடக் குவித்து வைத்திருந்த செம்மண் குவியல் கிடந்தது. யாரிடம் கேட்பது? பெரிய கிளார்க் பத்து பாகாட்டில். பெரிய கிளார்க்கின் பெண்சாதி இங்கே. அது போதும் என்று முடிவு செய்தாள். கூடை கூடையாகச் சுமந்து பள்ளத்தை நிரப்பினார்கள். ரோலர் இழுக்கிற மாட்டை ஓட்ட அய்யாவு ஒருவனுக்குத்தான் தெரியும். அதனால் கமலாம்பிகை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு பக்கம் பிடித்தாள், காளியம்மா மறு பக்கம்.

“உங்களைப் பாத்தா ஆபீஸ்காரர் சம்சாரம்னு யாரும் சொல்லமாட்டாங்கம்மா.”

“என்னெண்டு சொல்லுவினம்?”

“மாடுன்னு சொல்லுவாங்க.”

“அவரும் அப்பிடித்தான் நினைக்கிறார். இழு.”

மத்தியானம் சுள்ளென்று வெயில் வந்தது. ஈரச் செம்மண் காய்ந்தது. காய்ந்ததோடு நின்றிருக்கலாம். முதலில் தலைமுடி அளவில் ஒரு வெடிப்பு, பிறகு விரல் நுழைகிற வெடிப்பு, பிறகு பாளம் பாளமாக.

“இதுல பந்து போட்டா, அப்புறம் தோண்டித்தான் எடுக்கணும்,” என்றாள் காளியம்மா.

கமலாம்பிகை அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அவள் அழவில்லை, அழுகிறவள் மாதிரி இருந்தாள். வெடித்த மண்ணைப் பார்த்தாள். வெடித்த தரை. வீட்டுத் தரை வெடித்தால் என்ன செய்வார்கள்? தலையை நிமிர்த்தினாள். காளியம்மாவும் அதே நேரம் அவளைப் பார்த்தாள்.

“சாணி,” என்றார்கள் இருவரும்.

அளவெட்டிக்கும் காளியம்மாவின் சேலத்துப் பக்கத்து ஊருக்கும் இடையே வேறு எதிலும் ஒற்றுமை கிடையாது. ஒருத்தி வீட்டில் மற்றவள் தண்ணீர் குடித்தது கிடையாது. சாணியில் மட்டும் இரண்டு ஊரும் ஒன்று.

பால்காரச் சிங்கின் கொட்டகையில் இரண்டு கூடை கேட்டபோது, அவர் மலாயில் விசாரித்தார்: “எதற்கு இவ்வளவு? உங்களுக்கு என்ன பெருநாள்?”

“கிரிக்கெட் பெருநாள்,” என்றாள் காளியம்மா.

சாணியைக் கரைத்து, முழங்காலில் நின்று, ஒருத்தி ஒரு முனையிலிருந்தும் மற்றவள் மறு முனையிலிருந்தும் மெழுகிக்கொண்டு வந்தார்கள். அரசாங்கக் குவார்ட்டர்ஸில் சிமெண்டுத் தரை. கமலாம்பிகை ஜொகூருக்கு வந்தபின் ஒருநாளும் தரை மெழுகியதில்லை. உள்ளங்கை அரைவட்டம் அரைவட்டமாகத் தானே போனது. அந்த மணம் எழுந்து மூக்கில் ஏறியதும் அவளுக்குக் கை நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமை, அம்மா மெழுகிவிட்டுப் போன ஈரத்தில் வேண்டுமென்றே மிதித்துவிட்டு ஓடுவாள் செல்வராணி. சின்னக் கால். ஐந்து விரலும் அச்சாய் விழும். இப்போது அந்தக் கால் எவ்வளவு பெரிதாயிருக்கும்? அதுவும் தெரியாது. தங்கையின் உயரமும் தெரியாது, காலளவும் தெரியாது, குரல் மாறிவிட்டதா என்று தெரியாது. ஆனால் தும்புப் பாயில் பந்து எவ்வளவு எழும்பும் என்று தெரியும்.

“அம்மா, ஏன் நின்னுட்டீங்க?”

“கண்ணிலை சாணி பட்டிட்டுது.”

காளியம்மா நம்பியதுபோல் தலையாட்டிவிட்டு மிச்சத்தையும் தானே மெழுகினாள். மெழுகி முடித்தவளின் கை சும்மா இருக்கவில்லை. கோடு போடுவதற்கு வைத்திருந்த சுண்ணாம்புத் தூள் பக்கத்தில் இருந்தது. மெழுகின வாசலை வெறும் வாசலாக விட்டு எழுந்த பழக்கம் அவளுடைய பரம்பரையிலேயே இல்லை. புள்ளி வைத்தாள். இழுத்தாள். கமலாம்பிகை கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தபோது, பிட்சின் நடுவில் எட்டு இதழ்த் தாமரை ஒன்று மலர்ந்திருந்தது.

“ஐயோ காளி, என்னடி செய்தாய்?”

“அலமாக்! கை தானா போயிருச்சும்மா.”

அந்த நேரம் பார்த்துத்தான் சாம்பசிவத்தின் கார் வந்து நின்றது.

*

சாம்பசிவம் பிட்சைப் பார்த்தார். தாமரையைப் பார்த்தார். மூக்கைப் பொத்தினார்.

“இது கிரவுண்டோ, கோயில் வாசலோ?”

“இஞ்சருங்கோ, முதல் குளமாய்க் கிடந்தது…”

“குளமோ?”

“பேந்து பள்ளமாய்ப் போச்சு…”

“பள்ளமோ!”

“இப்ப சரியாக்கிப்போட்டம்.”

சாம்பசிவம் கைக்குட்டையால் தாமரையைத் துடைக்கப் போனார். அதற்குள் பெல்லமி துரை, கையில் பிரம்போடு, பிட்சைப் பார்வையிட நடந்து வந்துகொண்டிருந்தார். பெண்கள் இருவரும் ரோலருக்குப் பின்னால் ஒதுங்கினார்கள்.

துரை முகர்ந்து பார்த்தார். குனிந்து பார்த்தார். பிரம்பால் தட்டினார். மேசையைத் தட்டினதுபோல் ‘டொக் டொக்’ என்றது. அவர் ஆங்கிலத்தில் என்னவோ சொல்லி, தாமரையைக் காட்டிச் சிரித்து, சாம்பசிவத்தின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

“என்னவாம்?” என்று ஓடிவந்தாள் கமலாம்பிகை.

சாம்பசிவத்தின் முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. “கொழும்பிலை பாய் விரிக்கிற தரை அச்சாய் இதுதானாம். வந்த ஆக்களுக்கு நாங்கள் குடுக்கிற பெரிய மரியாதையாம்.”

“சிரிச்சவர்தானே?”

“அது கோபச் சிரிப்பு. உமக்கு வெள்ளைக்காரனைப் பற்றி என்ன தெரியும்?” அவர் குரல் உயர்ந்தது. “பந்து எழும்பக்கூடாது எண்டு படிச்சுப் படிச்சுச் சொன்னனான். புட்டிலை செய்து காட்டினனான்! நீர் என்னெண்டால் அவங்கடை வீட்டையே கொண்டுவந்து இஞ்சை விரிச்சு வைச்சிருக்கிறீர். நாளைக்கு எங்களுக்கு அடிக்கப்போறாங்கள் அடி! லீவு போச்சு. உம்முடைய கையாலையே மெழுகி விட்டிட்டீர்.”

கமலாம்பிகை தன் கையைப் பார்த்தாள். நகத்திடுக்கில் சாணி காய்ந்திருந்தது.

*

மறுநாள் சிலோன்காரர் டாஸ் வென்றார்கள். அவர்களுடைய தலைவன் பிட்சைக் கையால் தடவிப் பார்த்து, மணந்து பார்த்து, தன் ஆட்களைக் கூப்பிட்டுக் காட்டினான். எல்லாருடைய முகமும் மலர்ந்தது. கப்பலேறிய நாளிலிருந்து அவர்கள் மிதித்த தரையிலெல்லாம் இதுதான் தெரிந்த தரை.

பிறகு அடி தொடங்கியது. ஜொகூர் கோஷ்டியின் நம்பிக்கை முழுவதும் மூவார் ஊர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்துத் துரை ஒருவர்மேல் இருந்தது. மெதுவாகப் பந்து போடுகிறவர். அவர் போட்ட பந்துகள் சாணித் தரையில் விழுந்து, வா வா என்று கூப்பிடுகிற உயரத்துக்கு எழும்பி நின்றன. இரண்டு பந்து கடலுக்குள் போயிற்று.

கமலாம்பிகையும் காளியம்மாவும் வேலிக்கு வெளியே வாதாம் மரத்தடியில் நின்றார்கள். மட்டையடிக்கிறவர்களில் இருவர் தமிழ்ப் பெடியன்கள். ‘ஓடடா மச்சான்! நில்லடா, நில்!’ என்று அவர்கள் கத்துவது கேட்கும்போதெல்லாம் கமலாம்பிகையின் நெஞ்சு அவர்களோடு சேர்ந்து ஓடியது. ஊரை விட்டு வந்தபின் இரண்டு பேர் இப்படி வாய்விட்டு அந்தப் பேச்சுப் பேசி அவள் கேட்டதில்லை. உடனே நினைவு வரும்: இவன் ஓட ஓடக் கப்பல் தூரப்போகிறது.

“விழு,” என்றாள் வாய்க்குள். “விழுந்துபோ ராசா, நல்லாயிருப்பாய்.”

“யாரும்மா விழணும்?”

“எங்கடை பெடியள்தான்.”

“அதுக்கு ஏன் அழுவுறீங்க?”

“விழவேணுமே!”

மத்தியானச் சாப்பாட்டுக்கு அவர்கள் போகும்போது சிலோன் தொண்ணூறுக்கு ஒரே ஒரு விக்கெட். சாம்பசிவம் யார் முகத்தையும் பார்க்காமல் எல்லைக் கயிற்றைச் சும்மா நேராக்கிக்கொண்டிருந்தார்.

சாப்பாடு முடிகிற நேரத்தில் ஒரு மழை. நின்று பெய்யவில்லை, வந்தது, கொட்டியது, போனது. அதுவே போதும். நனைந்த சாணித் தரையில் கால்வைத்தவர்களுக்குத் தெரியும் அது என்ன செய்யுமென்று. சிலோனில் தும்புப் பாயில் விளையாடிப் பழகியவர்களுக்கு அது தெரியவில்லை. வீடு மெழுகுவது அக்காமாரின் வேலை. முதல் பந்து விழுந்தது, வழுக்கியது, தரையோடு தரையாகப் போய் விக்கெட்டைச் சாய்த்தது. அடுத்தவன் ஓடத் திரும்பினான், கால் போன திசை வேறு, அவன் போன திசை வேறு. மூன்றாமவன் விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து சட்டையை முகர்ந்து பார்த்தான்.

“ஐயா சொன்ன மாதிரியே பந்து படுக்குதும்மா!” என்று குதித்தாள் காளியம்மா.

நூற்றிருபத்தொன்றோடு எல்லாரும் அவுட். ஜொகூர் மட்டை பிடிக்க வரும்போது வெயிலும் வந்தது. தரை காய்ந்து மறுபடி ‘டொக் டொக்’ ஆனது. சாம்பசிவம் கயிற்றை விட்டுவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வராந்தாவுக்கு எதிரே நடக்கத் தொடங்கினார். “இதெல்லாம் கணக்குப் போட்டுச் செய்தது,” என்று அவர் யாரிடமோ சொல்வது கேட்டது.

ஆனாலும் சுலபமாக முடியவில்லை. ஒருவர் பின் ஒருவராக ஜொகூர்க்காரரும் போனார்கள். கடைசி ஜோடி. ஜெயிக்க மூன்று ரன் வேண்டும்.

அவளுக்கு மிக அருகில், எல்லைக் கயிற்றோரம், சிலோன்காரப் பெடியன் ஒருவன் பந்து பொறுக்க நின்றான். கமலாம்பிகை காளியம்மாவிடம் ஏதோ சொல்வதைக் கேட்டுவிட்டு அவன் திரும்பினான்.

“அக்கா, நீங்கள் யாழ்ப்பாணமோ?”

“அளவெட்டி.”

“அட! நான் மல்லாகம். சின்னத்தம்பி எண்டு பேர். அளவெட்டியிலை ஆரின்ரை ஆக்கள்?”

கமலாம்பிகை வேலியை நெருங்கினாள். “கும்பிளாவளைப் பிள்ளையார் கோயிலடி. பொன்னையா வாத்தியாரின்ரை மூத்தவள்.”

“பொன்னையா வாத்தியாரோ? அப்ப, தேவாரம் படிக்கிற செல்வராணி…?”

“என்ரை தங்கச்சி!” அவள் வேலியைப் பிடித்துக்கொண்டாள். “தம்பி, அவள் எவ்வளவு உயரம்?”

“என்ன அக்கா?”

“உயரம்! உன்னளவு இருப்பாளோ? உன்ரை தோளளவோ? காட்டு ராசா, கையாலை காட்டு!”

சின்னத்தம்பி ஒரு கணம் யோசித்தான். கோயில் தூணருகே நின்று பாடுகிற பெண்ணை நினைத்துப் பார்க்கிறவனைப்போல முகத்தைச் சாய்த்து, முழுவதுமாக அவள் பக்கம் திரும்பி, உள்ளங்கையைத் தன் காதளவுக்கு உயர்த்திப் பிடித்தான்.

“இவ்வளவு, அக்கா. வடிவாய் இவ்வளவு இருப்பா.”

கமலாம்பிகை அந்தக் கையைப் பார்த்தாள். காற்றில் அந்த உயரத்தில் ஒரு முகத்தை வைத்துப் பார்த்தாள்.

பந்து அவனுடைய கால்களுக்கு நடுவால் உருண்டு, கயிற்றைத் தாண்டி, வாதாம் வேரில் முட்டி நின்றது.

நாலு ரன். கிரவுண்டு முழுவதும் எழுந்து கத்தியது. சின்னத்தம்பி குனிந்து தன் கால்களுக்கு நடுவே பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

“அக்கா,” என்றான் மெதுவாக, “என்னைக் கவிழ்த்துப்போட்டியளே.”

“மன்னிச்சுக்கொள் தம்பி. நான் ஊருக்கு வாறன். வந்து உனக்கு என்ரை கையாலை சமைச்சுப் போடுறன்.”

*

தேநீர்க் கூடாரத்துக்கு வெளியே சாம்பசிவம் துரைமாரோடு கைகுலுக்கிக்கொண்டு நின்றார். கமலாம்பிகையைக் கண்டதும் பக்கத்தில் வந்தார். முகமெல்லாம் பல்.

“பார்த்தீரோ! மழை வரும் எண்டு எனக்குத் தெரியும். சாணி நனைஞ்சால் என்ன நடக்கும் எண்டும் தெரியும். துரை என்ன சொன்னார் தெரியுமோ? மலாயாவிலேயே இப்பிடி ஒரு கிரவுண்ட் செகரட்டரி இல்லையாம்!”

“லீவு?”

“என்ன?”

“வெண்டாச்சு. இப்ப கேளுங்கோ.”

“இப்பவோ? துரை களைச்சுப்போய் நிக்கிறார். நாளைக்குக் கேப்பம். கொஞ்சம் பொறும்.”

“நீங்கள் பொறுங்கோ,” என்றாள் கமலாம்பிகை. “நான் கேக்கிறன்.”

“இஞ்சரும்! அங்கை போகாதையும்! கமலம்!”

அவள் வராந்தாவை நோக்கிப் போய்விட்டாள். வந்த நாள் முதலாய் அவள் அந்தக் கிளப்பின் வராந்தாப் படியை மிதித்ததில்லை. ஆங்கிலம் தெரியாது. மீன் வாங்கிப் பழகிய மலாய் இருந்தது. மீன்காரனிடம் விலை குறைக்கக் கேட்கிற அதே குரலில் கேட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். ஆவணிக்குள் போய்ச் சேர வேண்டும். காதளவு உயரத்துக்குத் துணி வெட்ட வேண்டும்.

துரை அங்கே இல்லை. மேசையருகில் மெலிந்த, வெயிலில் சிவந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். பெல்லமி துரையின் மனைவி. கமலாம்பிகையின் சேலையையும் சாணி படிந்த நகங்களையும் பார்த்ததும் அவள் கெண்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள். அவளுக்கும் சந்தை மலாய்தான் தெரியும்.

“நீ சாம்பசிவத்தின் மனைவிதானே? உன்னைப் பார்க்க எவ்வளவு ஆசையாக இருந்தேன்!”

“துரைசானி,” என்றாள் கமலாம்பிகை. “மேட்ச் வென்றுவிட்டோம். துரை சொன்ன லீவு…”

துரைசானி அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். கண்ணில் உண்மையான பொறாமை இருந்தது.

“பயப்படாதே, உன்னை யாரும் ஊருக்குத் துரத்தமாட்டார்கள். மேட்ச் வென்றாலும் தோற்றாலும் என் கணவர் ஒவ்வொரு வருஷமும் லீவு தருகிறார், ‘என் மனைவியால் ஜொகூரைப் பிரிந்து இருக்க முடியாது’ என்று உன் கணவர் ஒவ்வொரு வருஷமும் வேண்டாமென்றுவிடுகிறார். நானோ ஊர் ஊர் என்று தினமும் அழுகிறேன், எப்படியம்மா மறந்தாய், எனக்கும் அதைச் சொல்லித் தாயேன்!”